கொழுந்துச் சாக்குல ரொட்டி

செவ்வாய்க்கிழமை, மடுல்சீமை

சாயங்காலம் தேயிலக் கொழுந்து நிறுத்துட்டுச் சாக்கக் கொட்டுனப்ப, நான் ஒளிச்சு வச்ச மத்தியான ரொட்டி ரெண்டும் கூடவே விழுந்துச்சு. "ரொட்டியவும் சேத்துல்ல நிறுத்திருக்கேன்"னாரு கணக்கப்பிள்ளை. எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்து வீட்டு செல்வி அக்கா சிரிக்கல. பதினெட்டு வயசுல நான் தின்னதையெல்லாம் வேணும்னே வாந்தியெடுத்துச் சுருண்டு கெடந்தப்ப, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அவங்கதான்.

"மறுபடியுமா புள்ள?"

"இல்லக்கா. சீனி வருத்தத்துக்கு எடையக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு."

பொய்யில்ல, சக்கர வியாதி இருக்குறது நெசந்தான். ஆனா ஒரு ரொட்டியத்தான் குறைக்கச் சொன்னாரு. பழைய கதைய அவருகிட்ட நான் சொல்லல.

ராத்திரி அக்கா சோறு கொண்டாந்து, நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்தாங்க. இப்பதான் போனாங்க. பேனாவ வச்சா எந்திரிச்சுக் கக்கூஸுக்குப் போயிருவேன். அதான் எழுதிக்கிட்டே இருக்கேன்.