சுவரில் ஒரு கறை

ஏப்ரல் 11, சனி

ஏ.சி. மறுபடியும் வெறும் காற்றைத்தான் ஊதுகிறது. போன வாரம்தான் ஒல்லி வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனான். ஒல்லியும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்தியது ஏ.சி. மெக்கானிக் கடை. மாடிச் சுவரில் ஒரு வெளி யூனிட்டைக் கழற்றும்போது இவர் விழுந்தார். இப்போது கடையை ஒல்லி ஒருவன்தான் பார்க்கிறான்.

கழுத்தெலும்பு முறிந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே இவருக்கு அசைவும் இல்லை, வியர்ப்பதும் இல்லை. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகிறது. "ஏ.சி.யை ஒரு மருந்துன்னு நினைச்சுக்கோங்கம்மா" என்றார் டாக்டர். மருந்து தீர்ந்துபோய்விட்டது.

ஏப்ரல் 12

கடையில் போன் எடுத்தவள் நான்தான். வெயில் காலத்தில் எத்தனை பேரிடம் புளுகியிருப்பேன் — "ஆள் கிளம்பிட்டாருங்க, வழியில இருக்காரு." இன்று ஒல்லி எனக்கே சொல்கிறான்: "வழியிலதான் இருக்கேன் அண்ணி." பின்னால் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்கிறது. அந்த வசனத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

ஈரத்துணி வைத்துக்கொண்டே இருக்கிறேன். கழுத்து, அக்குள், தொடை. வைத்த கையோடு துணி சூடாகிவிடுகிறது. மேல்வீட்டு அக்கா ஐஸ் கொடுத்தாள்.

ஏப்ரல் 13

ஒல்லி ஒருவழியாக வந்தான். யாராவது வருகிறார்கள் என்றால் அறையைப் பெருக்கித் துடைக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஏ.சி. பைப்புக்குக் கீழே சுவரில் பிசுபிசுவென்று ஒரு கறை. போன தடவையும் துடைத்தேன், எங்கிருந்துதான் வருகிறதோ. சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பார்ப்பதற்கு அந்தச் சுவரை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒல்லி வெளி யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்த்தான். உள்ளே வந்து பைப்பையும் சுவரையும் அண்ணாந்து பார்த்தான். "இங்க ஒண்ணும் தெரியல அண்ணி. எங்க லீக்குன்னு தேடினா ஒரு நாள் முழுக்க வேணும். சீசன் முடியட்டும்." கேஸை ஏற்றிவிட்டு ஓடிவிட்டான்.

பழைய மனிதராயிருந்தால் இவர் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிறவனெல்லாம் மெக்கானிக்கா என்று கேட்பார். இன்று வாயே திறக்கவில்லை.

ஏப்ரல் 14

குளிர்கிறது. தூங்கினேன்.

ஏப்ரல் 17

போச்சு. திரும்பவும் வெறும் காற்று.

இவர் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஒல்லி போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழைத்து வாருங்கள் என்கிறார்கள். லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து இந்த வெயிலில் யார் தூக்குவது? தண்ணீர் கொடுத்தால் உதட்டை மூடிக்கொள்கிறார். கேட்டால் ஒரே வார்த்தை, "விடு."

எதை விடறது? என்னால முடியல. யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? இவர் இல்லைன்னா நான் —

ஏப்ரல் 18

காலையில் மறுபடி அதே கறை. துடைத்த துணியை அலசினேன். சோப்புத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. துணியை அப்படியே கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"இது என்ன?"

"கம்ப்ரசர் எண்ணெய். கேஸ் கசியற இடத்துல அதுவும் கூட வரும்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"நீ மொத தடவை துடைச்சப்பவே."

"அவன் வந்து நின்னு தேடினானே. ஏன் சொல்லல?"

கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார், "சொன்னா சரியாயிடும்."

எனக்குப் புரிந்தது. அந்த "விடு" எதற்கென்றும் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். பால்கனிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம்தான் வந்தது. ஒல்லி கண்டுபிடிக்க முடியாதபடி நானே ஒவ்வொரு தடவையும் தடயத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். இவர் படுத்தபடி அதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

மெயின் ஸ்விட்சை அணைத்தேன். அவருடைய கருவிப் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். பைப்பில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துச் சோப்பு நுரையைத் தடவினேன். ஜாயின்ட் நட்டின் ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் கொப்பளித்தது. ஸ்பேனரை மாட்டி என் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தேன். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டு வந்தது.

"ஏய், நிறுத்து. பைப்பை உடைச்சிடுவே."

எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. நான் திரும்பவே இல்லை.

"உடைஞ்சா உடையட்டும். உங்களுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? ரெண்டு ஸ்பேனர் போடணும்டி. பையிலேர்ந்து இன்னொண்ணை எடுத்துக்கோ. ஒண்ணால பின்னாடி இருக்கறதைப் பிடி, ஒண்ணால நட்டைத் திருப்பு. மெதுவா… போதும். இப்ப நுரை போட்டுப் பாரு."

குமிழ்கள் குறைந்தன. நிற்கவில்லை.

"நட்டுக்குள்ள பைப்போட வாய் வெடிச்சிருக்கு. வெட்டிட்டுப் புதுசா வாய் பிடிக்கணும். அந்தத் தடியனுக்குப் போன் போடு. நான் பேசறேன்."

போனை அவர் காதில் வைத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் ஒல்லி வந்து நின்றான். இந்த முறை நிஜமாகவே வழியில் இருந்திருப்பான் போலிருக்கிறது.

பைப்பின் நுனியை வெட்டி, புனல் மாதிரி விரித்துப் புதிதாக வாய் பிடித்தான். கசிவு பார்க்கப் பைப்பில் நைட்ரஜனை நிரப்பி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கும்வரை விடவில்லை. பம்ப் போட்டு உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். பிறகுதான் சிலிண்டரைத் தராசில் வைத்து கேஸ் ஏற்றினான். அவன் பம்ப்பைச் சீக்கிரம் நிறுத்தப் பார்த்தபோது கட்டிலிலிருந்து அதட்டல் வந்தது: "ஓடட்டும்டா. உனக்கு என்ன அவசரம்?"

ஒல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சோப்பு பட்டுவிட்டதாம்.

ஏப்ரல் 19

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அவரோடு பேசவில்லை. இன்னும் கோபம் போகவில்லை.

ஏப்ரல் 27

காலையில் எழுந்ததும், "சுவரைத் தொட்டுப் பாரு" என்றார். தினமும் இதே வேலையாகிவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். "காய்ஞ்சுதான் இருக்கு."

"நல்லாத் தடவிப் பாத்தியா?"

"பாத்தாச்சு."

"அப்ப ஒரு போர்வை எடு. காதெல்லாம் குளிருது."