பீங்கான் மேல் குற்றமில்லை

இன்று உன் வீட்டில் எனக்கு டீ கொடுத்த கோப்பையின் காது கோணல். உன் அக்கா வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துப் போட்டது. ஊற்றுவதற்கு முன் அக்கா அதை நகத்தால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். நீயும் அப்படித்தான். ஆய்வுக்கூட கேன்டீன் தட்டைக்கூடத் தட்டாமல் சாப்பிட மாட்டாய். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துப் புத்தி என்று கிண்டல் செய்வேன்.

நீ போய் ஒரு வருஷம். திதிக்கு வந்தேன். ஆனால் அதற்கு மட்டும் வரவில்லை.

ஹெலிகாப்டர் இறங்கும்போது வரும் 'தட தட' எஞ்சின் சத்தமல்ல என்று உனக்குப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. முன்னால் போகும் இறக்கை காற்றில் ஒரு சுழலை விட்டுப் போகிறது. பின்னால் வரும் இறக்கை அதில் போய் அறைகிறது. அந்த நேரம் பார்த்து இறக்கையின் பின்விளிம்பில் ஒரு சின்ன மடலை அசைத்தால் அறை தணியும். ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை அசைக்க வேண்டும். அதற்கு, மின்சாரம் கொடுத்தால் மயிரிழை அளவு நீளும் பீங்கான் வேண்டும்.

"அடப்பாவி, ஹெலிகாப்டருக்கு எங்க ஊரு சாமானா?" என்று சிரித்தாய்.

அந்தப் பீங்கானை வில்லை வில்லையாக அடுக்கி, கெட்டியான ஸ்பிரிங்கால் இறுக்கிக் கொடுத்தாய். "அமுக்குனா தாங்கும்டா, இழுத்தா ஒடஞ்சிடும். ஸ்பிரிங்க தொட்ட, கைய ஒடச்சிடுவேன்."

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு தொட்டேன். மடல் இன்னும் கொஞ்சம் அசையட்டும் என்று உன் கெட்டி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இளகின ஒன்றைப் போட்டேன். சோதனைக்கான காற்றுச் சுரங்கத்தில் இறக்கையைச் சுழலவிட்டு ஓட்டினோம். சுழற்சியின் இழுப்பில் அடுக்கு உடைந்தது.

அறிக்கையில் 'பீங்கான் தரக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார் எங்கள் தலைவர். "அவருதான் இல்லையேப்பா, யாருக்கு நஷ்டம்? மடலே வேணாம், இறக்கை நுனிய மட்டும் மாத்திப் பாப்போம்."

நான் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. அந்தக் கேவலத்தோடுதான் பஸ் ஏறினேன்.

டீயை வைத்துவிட்டு அக்கா கேட்டார்கள்: "தம்பி, அவன் செஞ்சதுதான் ஒடஞ்சிச்சின்னு ஒங்க ஆபீசு ஆளு போன்ல சொன்னாரு. நெசமா?"

"இல்லக்கா. நான் ஸ்பிரிங்க மாத்துனேன். அதான் ஒடஞ்சிச்சி."

"இத்த அவங்ககிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"அப்பறம் இங்க வந்து இன்னா பண்ற?"

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். 'பீங்கானில் குறையில்லை. ஸ்பிரிங்கை மாற்றியது நான். பழைய ஸ்பிரிங்கோடு மறுபடி ஓட்ட வேண்டும்' என்று எழுதி, என் பெயரைப் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் தலைவர் கூப்பிட்டார்.

"அதை வாபஸ் வாங்குப்பா."

"மாட்டேன் சார்."

வேலை இருக்குமா தெரியாது. உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. கேட்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுக்கு உடைவதற்கு முன் சில நொடிகள் மடல் சரியாக அசைந்தது. சுரங்கத்து மைக் வழியே ஹெட்போனில் அந்த 'தட தட' மங்கிப் போனதை என் காதால் கேட்டேன். நீ கேட்கவில்லை. அந்தச் சில நொடிகளைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். எந்தக் கூட்டத்தில் உட்காரவைத்துக் கேட்டாலும் சொல்வேன்: நாம் செய்தது வேலை செய்தது.