உன் நீலக் கார் மேல் வழக்கு

அன்புள்ள வெர்னாவுக்கு,

நீ விட்டுப்போன நீலக் கார் ஓடாமல் வாசலில் நிற்கிறதென்று நகர நீதிமன்றம் என்னை மறுபடியும் அழைத்தது. நீதிபதி, என் பழைய மாணவி டார்லீன்.

"சார், ஓடாத வண்டிய வாசல்ல வைக்கக் கூடாது. இழுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவ வந்து எடுத்துக்குவா."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. வீட்டுப்பாடத்த நாய் தின்னுடுச்சுன்னு நாங்க சொன்ன மாதிரியே இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை ஓட்டிக் காட்ட ஒரு வாரம் கெடு கொடுத்தாள்.

புது பேட்டரி போட்டு, நேற்று நகராட்சி ஆய்வாளர் முன்னால் தெருமுனைவரை ஓட்டிக் காட்டினேன். இருக்கை இன்னும் உன் உயரத்துக்கே இருக்கிறது. பின்னால் தள்ள மனம் வராமல், முழங்கால் இடிக்க ஓட்டினேன்.

"நல்லா ஓடுதே சார்! அப்புறம் ஏன் இங்கயே நிக்குது?" என்றார். வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒமாஹாவுக்கு, உன் தங்கை வீட்டுக்கே ஓட்டி வரட்டுமா? காரை வாங்கிக்கொண்டு என்னைப் பேருந்தில் அனுப்பினாலும் சரி.

இன்னும்
உன் கணவன்