பழைய துறை ஒன்றே போதும்

மச்சான்,

இன்று காலை இறங்குதுறையில் டீசலும் மீன் கவிச்சியும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. நீ இப்போது உயிரோடு இல்லை என்பதை மறந்து, பக்கத்தில் நிற்பதாக நினைத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். போன மாதம் இங்கே வலை அறுந்து, தமிழ், முஸ்லிம் பெடியன்களுக்கிடையே நடந்த கைகலப்பில் ஒரு தமிழ்ப் பெடியனின் கை முறிந்தது. உடனே ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தார் லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்தார்கள். தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு புதிய துறைகள் கட்டித் தருவார்களாம். ஓய்வுபெற்ற தூதரான நான் ஆதரித்தால் கொழும்பில் காரியம் சுலபமாம். "மாறிவரும் பிரதேசத்தில் மோதலைத் தவிர்க்கும் இடைவெளி" என்றார்கள். உத்தியோக காலம் முழுக்க நானே பேசிய மொழி அது.

ஆனால் எனக்குச் சந்தைக்கு முன்னால் கழிந்த அந்தப் பகல்தான் நினைவுக்கு வந்தது. சமாதானப் பேச்சுக் காலம். நான் விடுமுறையில் வந்திருந்தேன். ஒரு பக்கம் எங்கள் தமிழ் ஆட்கள், மறுபக்கம் உங்கள் முஸ்லிம் ஆட்கள், எல்லார் கையிலும் பொல்லு. நீதிமன்றத்திலிருந்து கறுப்புக் கோட்டோடு வந்த நீ, தேநீர்க் கடையிலிருந்து இரண்டு கதிரைகளை இழுத்து நடுத்தெருவில் போட்டாய்.

"இரு மச்சான். எழும்பாத."

நான் உட்கார்ந்தேன். எங்கிருந்தோ வந்த கல் உன் நெற்றியைக் கிழித்தது. நீ இரத்தத்தைக்கூடத் துடைக்காமல் கடைக்காரரிடம், "ரெண்டு பிளேன்டீ தாங்கோ" என்றாய். நாம் குடித்து முடிப்பதற்குள் கூட்டம் கலையத் தொடங்கியது.

உனக்குத் தையல் போடும்போது, கொஞ்சக் காலம் இரு பக்கத்தையும் பிரித்து வைத்தால் நல்லது என்றேன். "பிரிச்சு வைச்சா சண்டை நிக்காது. அடுத்த சண்டைக்கு எல்லை போட்டுக் குடுக்கிறம்" என்றாய்.

இன்று துறையில் நடந்த கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். கை முறிந்தவனின் தகப்பன் எழும்பினார்.

"ஐயா, அடி வாங்கினது என்ர மகன். உங்களுக்கென்ன?"

"ஓம். ஆசுப்பத்திரியில அவனைப் பார்த்தனான். அடிச்சவன்தான் பதில் சொல்லவேணும். உங்கட மகன் ஏன் இந்தத் துறையை விட்டுப் போகவேணும்?"

முஸ்லிம் மீனவர் சங்கத் தலைவர் மெல்லச் சொன்னார்: "அடிச்ச பெடியன நாங்களே கூட்டிக்கொண்டு வாறம்."

என் ஆதரவு கிடையாது என்று உதவி நிறுவனத்தாரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்கள். போகட்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், உக்கிப்போன துறைப் பலகைகளை இரண்டு சங்கத்தாரும் சேர்ந்து மாற்றப்போகிறார்கள். நானும் போகிறேன். இந்த வயதில் பலகை தூக்க என்னிடம் பலமில்லை. ஆனால் யார் வந்து பிரிக்கச் சொன்னாலும், உன்னைப் போல "ஏலாது" என்று சொல்ல இன்னும் பலம் இருக்கிறது.