நாத்தனார் முடிச்சும் ராட்சசி ரீட்டாவும்

புனே
4.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மதிவாணன் எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் தொண்டையைத் தவிர.

நீ மல்யுத்தம் பார்க்கப் போவதைப் பற்றிப் பேச்செடுத்ததற்கு என் நம்பரை பிளாக் செய்து பதினோரு நாள் ஆகிறது. அம்மாவின் போனில் கூப்பிட்டால், ஸ்பீக்கரில் என் குரல் கேட்டதுமே நீ தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். இங்கே தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கூகுளில் தேடிக் கண்டுபிடித்தேன். சிரிக்காதே.

செப்டம்பர் எட்டு, ஞாயிறு காலை முகூர்த்தம். கும்மிடிப்பூண்டி மண்டபம் முடிவாகிவிட்டது. தாலியில் முதல் முடிச்சை நான் போட்டதும், ரம்யாவின் பின்னால் நின்று மற்ற இரண்டையும் நீதான் போட வேண்டும். அது மாப்பிள்ளையின் அக்காவுக்கு உள்ள உரிமை. அதில்தான் இப்போது சிக்கல்.

ரம்யாவின் தாய்மாமா துளசிராமன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். புதுவாயல் மைதானத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "ஏய் ராட்சசி, உன் கொண்டைய அறுத்து மார்க்கெட்டுல தொங்க உடுறேன் வாடி!" என்று கத்துகிறாயே, அதுதான். எடுத்தவன் உன்னை மட்டும் எடுத்திருக்கிறான், மல்யுத்த மேடை தெரியவே இல்லை. மாமா அதைத் தண்ணீர்க் குழாய்ச் சண்டை என்று நினைத்து, "இன்னா இது, பொண்ண இந்த ஊட்டுக்கா குடுக்கறோம்?" என்று கேட்டிருக்கிறார். நான் விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. முப்பத்து மூன்று வயதுப் பெண் பொய்ச் சண்டைக்கா இப்படிக் கத்துவாள் என்கிறார்கள்.

இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. கூடத்துச் சுவரில் இருக்கும் மல்யுத்த போஸ்டர்களையும் எடுத்துவிடு. இல்லையென்றால் பெரியம்மா மகள் காயத்ரியை முடிச்சு போடச் சொல்வார்கள். எனக்காகச் செய் அக்கா.

உன் பிரியமுள்ள தம்பி,
மதி

* * *

ஆரம்பாக்கம்
11.8.2024

தம்பி மதிக்கு,

அக்காவின் அன்பு. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. நேற்றுகூட கம்பெனியில் சூப்பர்வைசருக்குக் கேட்கிற மாதிரி பேசினேன்.

முதலில் ரம்யாவின் தாய்மாமாவுக்கு ஒன்றைப் புரியவை. நான் ராட்சசி ரீட்டாவைத் திட்டவில்லை, கொண்டாடினேன். மேடையில் அவள் வில்லி. வில்லிக்குக் கைதட்டல் விழுந்தால் அவள் பிழைப்பு கெட்டது என்று அர்த்தம். முன்வரிசையிலிருந்து எவ்வளவு கேவலமான திட்டு வருகிறதோ, அவ்வளவு நன்றாக ஆடியிருக்கிறாள். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொண்டைய அறுக்கறேன்னியே, சூப்பருக்கா! எனக்கே பேஜாரா பூடுச்சு" என்று சிரித்தாள். எங்களுக்குள் இருக்கிற மரியாதை இது. வெளியாள் பார்த்தால் சண்டை மாதிரிதான் தெரியும்.

பொய்ச் சண்டை என்று எனக்கா பாடம் எடுக்கிறாய்? அது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். பதினைந்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நீ. டிவியில் பார்த்ததைச் செய்கிறேன் என்று நெல் மூட்டையிலிருந்து தலையணை மேல் குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாய். யார் ஜெயிப்பார்கள் என்று அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறார்கள், சரி. ஆனால் மேடையில் பலகை பலகைதான். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர், ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். அதில் விழுகிற முதுகு நிஜ முதுகு.

போஸ்டர்களை எடுக்கமாட்டேன். யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன். முடிச்சு என் உரிமை என்று நீயே எழுதியிருக்கிறாய். உரிமைக்கு எதற்கடா பேரம்?

உன் அக்கா,
நர்மதா

* * *

புனே
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பல் விஷயத்தை ரம்யாவிடம் சொல்லிவிடாதே.

நீ போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாயால் ஒரு தரம் சொல்லிவிடு, கல்யாணம் முடிந்ததும் உன் இஷ்டம்போலப் போய்க்கொள். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ பிறகு வந்ததுதான். வீட்டுக்காரரை விட்டுவிட்டு வந்தவள் முடிச்சு போடக்கூடாது என்று அவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். நான்தான் விடாமல் பேசினேன். அக்கா அடக்கமானவள், வேலை உண்டு வீடு உண்டு என்று இருப்பவள் என்றெல்லாம் சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். அதற்கு மறுவாரம் நீ நாற்காலி மேல் ஏறிவிட்டாய். இப்போது அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், சொல்.

உன் தம்பி,
மதி

* * *

ஆரம்பாக்கம்
25.8.2024

மதிக்கு,

இதை நேற்றே எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும். அதனால் இன்று எழுதுகிறேன்.

அடக்கமானவள் என்றா சொன்னாய்? நாலு வருஷம் புருஷன் வீட்டில் அடக்கமாக இருந்து பார்த்தவள்தான் நான். குப்புராஜ் என்னைச் சுவரில் தள்ளியபோது என் தலைக்கும் சுவருக்கும் நடுவில் யார் கையும் இல்லை. ஆறு தையல். அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆம்பள கை நீட்டத்தான் செய்வான், அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போ கண்ணு" என்றாள். உனக்குப் போன் செய்து அழுதேன். நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய்.

ரீட்டா ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிப் பலகையில் போடுவாள். கூட்டம் அலறும். அப்போது அவள் கையை மட்டும் பார். உள்ளங்கை அந்தப் பெண்ணின் பிடரிக்குக் கீழே இருக்கும். விழும் கடைசி நொடிவரை எடுக்கமாட்டாள். எதிரியின் தலை பத்திரமாகத் தரையைத் தொட்ட பிறகுதான் முறைப்பாள், மிதிப்பாள், எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள். அந்தக் கையைப் பார்க்கத்தான் முன்வரிசையில் உட்காருகிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கும். அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகத் திட்டுகிறேன்.

நிஜமாக அடி வாங்கியபோது வெளியில் சொல்லாதே என்றீர்கள். பொய்யாக அடித்துக்கொள்வதைப் பார்த்தால் மானம் போகிறது என்கிறீர்கள். உங்கள் மானம் எந்தச் சந்தில் குடியிருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

சொல்லிவிட்டுப் போய்க்கொள் என்கிறாய். ஒளிந்து ஒளிந்து போக நான் என்ன திருட்டுத்தனமா செய்கிறேன்? கல்யாணத்துக்கு நான் வரவில்லை. எட்டாம் தேதி புதுவாயலில் ஆட்டம் இருக்கிறது. மேடை போடக் காலையிலேயே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காயத்ரியே முடிச்சு போடட்டும். அவளுக்குப் புடவை எடுத்தாயிற்று என்று அம்மா சொன்னாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

நர்மதா

* * *

கும்மிடிப்பூண்டி
10.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமனார் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை அம்மா அவள் பாணியில் உன்னிடம் சொல்லியிருப்பாள். என் பாணியில் நானும் சொல்லிவிடுகிறேன்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியை ரம்யாவின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டேன். பின்னால் நின்ற காயத்ரி கையை நீட்டினாள். கயிற்றை விட எனக்கு மனசு வரவில்லை. உன் பிடரியில் அந்தத் தையல் இருக்கும் இடம் நினைவுக்கு வந்துவிட்டது. அதை நான் ஒருநாள்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

துளசிராமன் மாமா, "இன்னா நைனா முழிச்சிக்கினு நிக்கற, கயித்த உடு" என்றார். நான், "இது எங்க அக்காது. அவங்க இல்லன்னா வேற யாரும் போட வாணாம்" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மேளக்காரர் நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். ரம்யா மட்டும் மெதுவாக, "சீக்கிரம் போடுங்க, கழுத்து வலிக்குது" என்றாள்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் நானே போட்டேன். அவசரத்தில் மூன்றாவது கோணலாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றைக்கு போனில் "ம்" கொட்டியதற்கு என்னை மன்னித்துவிடு.

உன் தம்பி,
மதி

* * *

ஆரம்பாக்கம்
15.9.2024

அன்புத் தம்பி மதிக்கும் ரம்யாவுக்கும்,

அக்காவின் ஆசிகள்.

உன் கடிதத்தை ஷிப்ட் இடைவேளையில் படித்தேன். சந்தோஷப்படவில்லை என்றால் பொய். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் அழுதேன். என்னவென்று கேட்டவர்களிடம், என் தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது என்றேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். மூன்று முடிச்சையும் நீயே போட்டாய், நல்லது. புனேயிலிருந்து நேராக மண்டபத்தில் வந்து இறங்கினாய். அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? முதல் நாள் சாயங்காலமே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "வாக்கா, நீ இல்லாமல் கல்யாணம் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேன். போஸ்டரும் சுவரில் இருந்திருக்கும், முடிச்சும் நேராக இருந்திருக்கும். என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றினாய். என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்த உனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மன்னிப்பு கேட்டிருக்கிறாய். பாதி தருகிறேன்.

நீ தாலி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பலகை தூக்கிக்கொண்டிருந்தேன். ரீட்டா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தம்பி கல்யாணத்த உட்டுட்டு இங்க பலக தூக்கினு கீற?" என்று கேட்டாள். அடுத்த பலகையைத் தூக்கினேன். சாயங்காலம் ஆட்டத்தில் அவள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ரம்யாவுக்கு நான் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். விருந்துக்கு வாருங்கள், நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன். வருகிற ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்றைக்குச் சோழவரத்தில் ஆட்டம், நான்கு மணிக்கு. மீதிப் பாதி மன்னிப்பு வேண்டுமென்றால் நேராக அங்கே வாருங்கள். முன்வரிசையில் மூன்று நாற்காலி பிடித்து வைக்கிறேன். வந்தால் கத்த வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு அங்கே இடமில்லை.

வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாற்காலியிலும் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பேன்.

உன் அக்கா,
நர்மதா