பின் இடது ஜாக்கி

ஆனி 21, 1961
காலையிலிருந்து சாரல். இலஞ்சித் தோப்பில் வண்டியை நிறுத்தியாயிற்று. சீசன் முடியும் வரை முதலாளி குடும்பத்துக்கு இதுதான் வீடு. பஸ்ஸுக்குள் கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி எல்லாம். தரை சரிவு. நாலு எண்ணெய் ஜாக்கியையும் இறக்கி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பின் இடது சக்கரம் ஒரு முழம் அந்தரத்தில். அந்த ஜாக்கியில் மட்டும் கசிவு. பக்கத்தில் முட்டுக்கட்டை வைத்தேன். கட்டைக்கும் வண்டிக்கும் இரண்டு விரல் இடைவெளி.

ஆனி 22
தென்காசி போனேன். ஜாக்கிக் கசிவை அடைக்கிற தோல் வாசர் இல்லை, மதுரையிலிருந்து வர வேண்டுமாம். ஜாக்கி எண்ணெயும் இல்லை. திரும்பி வந்தால் முதலாளி டம்ளர் தண்ணீரைக் காட்டுகிறார், ஒரு பக்கம் சரிவாம். இன்றைக்கே சரி செய் என்றார். அருவிக் குளியலுக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து ஜாக்கியில் ஊற்றி ஏற்றினேன். நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருஷ டிரைவர் செய்கிற வேலையா இது.

ஆனி 24
சாரல். பின் இடது ஜாக்கியடியில் எறும்பு வரிசை. ஜாக்கி எண்ணெய்க்கு எறும்பு வராது. துணியால் துடைத்துவிட்டேன்.
சமையல்காரன் மாடசாமிக்கு மத்தியானம் வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூக்கம். அங்கே படுக்காதே என்றேன்.
"தோப்பு பூரா ஈரம் அண்ணாச்சி. இங்கனதான் காஞ்ச மண்ணு."
காரணம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்தான்.

ஆனி 26
எறும்பு இரண்டு வரிசை. இடைவெளி ஒரு விரல். பஸ் கதவு சாத்த வரவில்லை. முதலாளி கேட்டார். மண் ஈரம், இறங்குகிறது என்றேன். பொய். மறுபடி ஏற்றிவைத்தேன். கட்டை இருக்கிறவரை பயமில்லை.
வாங்க: வாசர், ஜாக்கி எண்ணெய், பாட்டரித் தண்ணீர், சவரக்கத்தி.

ஆனி 28
வாசர் வந்துவிட்டதாகத் தகவல். கிளம்புமுன் ஜாக்கியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தால் கட்டையைக் காணோம். விறகெல்லாம் நனைந்துவிட்டதாம். முதலாளியம்மாவுக்கு வெந்நீர் வைக்க மாடசாமி அதைப் பிளந்து எரித்துவிட்டான்.
"காஞ்ச கட்ட அது ஒண்ணுதான் கெடந்துது, அண்ணாச்சி."
கத்தவில்லை. கத்தினால் ஏன் என்று கேட்பான். வேறு கட்டை தேடலாம் என்றால் தென்காசி பஸ் வந்து நிற்கிறது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆனி 29
நேற்று தோப்புக்குத் திரும்பியபோது மணி மூன்று. வண்டி இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. பாயின் ஒரு முனை வெளியே தெரிந்தது. தென்னங்கட்டை கொடுத்து நெம்பி எடுத்தார்கள். மாடசாமிக்கு உயிர் இல்லை.
போலீஸ்காரரிடம் முதலாளியே சொன்னார், மண் ஈரம், இறங்கிவிட்டது என்று. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.
வாசர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.
வடகரையிலிருந்து மாடசாமியின் தம்பி வந்தான். என் கையை விடவே இல்லை.
"அங்கன படுக்காதன்னு நீங்க சொன்னியளாமே, அண்ணாச்சி. அவன்தான் கேக்கல."
ஏன் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பான்.