மூடிய கணக்குக்குள் ஹேமந்த்தின் குரல்

அடிஸ் அபாபா

அன்புள்ள மனோரமாவுக்கு,

குடியாத்தத்தில் மழை நின்றதா? உன் முழங்கால் வலி தணிந்ததா? என் உடல்நலத்தில் குறையில்லை. தொலைபேசியில் சொன்னால் என் குரல் உன்னைக் கலங்கச் செய்யும் என்பதால் எழுதுகிறேன்.

சிறிய செய்திதான். இங்குள்ள தோல் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு விதிப்படி, தோல்களில் உள்ள குறைகளைப் படமெடுத்து, ஆம்பூர் வியாபாரிகள் அனைவருக்கும் ஒரே வேளையில் அனுப்பினேன். அரட்டைச் செயலி என்னை மோசடிக்காரன் எனக் கருதி, என் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டது. மேல்முறையீடு செய்தேன், இயந்திரமே மறுத்துவிட்டது.

உடன் பணிபுரியும் ஆம்பூர்க்காரர் இம்தியாஸ் சிரித்தார்.

"இன்னா சார், ஒரே கம்பெனிக்காரன் கையில சாவியக் குடுத்துட்டு பேஜார் ஆவுறீங்க! என் ஆப் இமெயில் மாதிரி. ஆளுக்கொரு கம்பெனில இருந்தாலும் பேசிக்கலாம். ஒருத்தன் தொரத்துனா இன்னொருத்தன்கிட்ட போய்க்கலாம்."

"அதுல யாரெல்லாம் இருக்காங்க?"

"இப்போதைக்கு நானும் என் மச்சானும்."

அவர் சொல்வதே முறை, எனக்கு ஐயமில்லை. ஆனால் அதில் ஹேமந்த் இல்லை. விபத்துக்கு முன்பு நம் மகன் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அனைத்தும் மூடிய கணக்கோடு போய்விட்டன. "அப்பா, சாப்ட்டியா?" என்று அவன் கேட்பதைக் கேட்ட பிறகே தினமும் வேலைக்குப் புறப்படுவேன்.

நம் மகள் ஹரிணி சொன்னாலும் உன் கைப்பேசியை மாற்றிவிடாதே. ஞாயிறன்று அவளுடைய எண்ணுக்கு அழைக்கிறேன். ஹேமந்த் உனக்கு அனுப்பியவற்றில் ஒன்றை, உன்னைக் கடிந்துகொண்டதாயினும் சரி, உன் கைப்பேசியில், அவளுடையதன் அருகில் வைத்து ஒலிக்கச் செய். நான் பேசாதிருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதென்று எண்ணி வைத்துவிடாதே.

பணிக்கு அழைக்கிறார்கள்.

பரந்தாமன்